பொன்முடி வழியும் வழிநடை வருத்தமும்

தில்லியில் புறப்பட்டு, இரண்டு இரவும் ஒரு பகலும் ரயில் பெட்டியில் கழித்து, சென்னை சென்ட்ரலில் வந்து இறங்குகிறார் நம்மவர் ஒருவர். எதிர்கொள்ள வந்த உறவினர், "பிரயாணமெல்லாம் சௌகரியந்தானே?" என்று கேட்கிறார். "ஒரே அசதி" என்பதே விடை. வந்தவர் ஓரடியும் நடந்தாரல்லர். ஒரு படி அரிசியும் சுமந்தாரல்லர். இருந்த இடத்தில் இருந்தபடியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்திருக்கிறார். ஆயினும் அவர் சொன்ன அசதி பொய்யன்று. இடையறாத ஆட்டமும் இரைச்சலும், முறிந்து முறிந்து வரும் உறக்கமும், நீட்ட இடமின்றி மடங்கிக் கிடந்த காலும் உடம்பை நடந்தவன் உடம்பு போலவே ஆக்கிவிடுகின்றன. அங்ஙனமாயின், இத்தூரத்தை உண்மையிலேயே நடந்து கடந்த காலத்து மக்கள் என்ன பாடுபட்டிருப்பர்? அவ்வருத்தத்தை எவ்வாறு ஆற்றிக்கொண்டனர்? எங்கே அமர்ந்தனர்? அமர்வதற்கு எல்லாருக்கும் இடம் இருந்ததா? நம் வரலாற்று நூல்கள் மன்னர் படை நடத்திச் சென்றதைச் சொல்லும். அப்படைக்கு அரிசி மூட்டை சுமந்தவன் எங்கே மூட்டையை இறக்கினான் என்று சொல்வதில்லை. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

களைப்பு, அயர்வு, சோர்வு, அசதி, ஓய்ச்சல், இளைப்பு எனத் தமிழில் இந்நிலைக்குப் பெயர்கள் பல உள. இவற்றுள் இளைப்பு என்னும் சொல் நம் கருத்தை ஈர்க்கிறது. இளைத்தல் என்றால் சோர்தல். இளைத்தல் என்றால் உடல் மெலிதலுமாம். நெடுவழி நடந்தவன் சோர்ந்ததோடு மெலிந்தும் போவான் என்பதைச் சொல்லே காட்டி நிற்கிறது. அவ்விளைப்பு ஆறுவது, புண் ஆறுவது போல, சூடு ஆறுவது போல. ஆதலின் 'இளைப்பாறுதல்' என்றனர். தூரத்தையும் நம்மவர் உடலைக் கொண்டே அளந்தனர். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்து கடக்கும் தொலைவு ஒரு நாழிகை வழி. மேடாயினும் பள்ளமாயினும் நடப்பவன் காலும் மூச்சுமே அளவுகோல். மலையாள நாட்டிலும் 'நாழிக' என்னும் அளவு அண்மைக்காலம்வரை வழங்கியது.

வழிநடை வருத்தத்தை நம் இலக்கியத்தில் மிக உருக்கமாகக் காட்டியது சிலப்பதிகாரம் என்பது நம் எண்ணம். புகாரை விட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரமே சென்றிருக்கின்றனர். அதற்குள் கண்ணகி, மதுரை மூதூர் யாது என்று கோவலனைக் கேட்கிறாள். முப்பது காதம் இருக்கிறது. அவனோ அத்தொலைவை அவள் அஞ்சாதபடி சொல்லி, அண்மையில்தான் உள்ளது என்கிறான், சொல்லிக்கொண்டே சிரிக்கிறான், அச்சிரிப்பில் கண்ணீர் கலந்திருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இதோ வந்துவிட்டது ஊர்' என்று ஆயிரம் முறை சொன்ன ஒவ்வொரு தாய்க்கும் இக்காட்சி விளங்கும். பின்னர்ப் பாண்டி நாட்டில் பகல் வெயிலைக் கண்ணகி தாங்கமாட்டாள் என்று, கவுந்தியடிகளுடன் நிலவொளியில் இரவில் நடக்கின்றனர். இக்காவியத்தை இயற்றியவர் சேர நாட்டு இளவரசர் என்பது மரபு. மலைநாட்டையும் சோழ நாட்டையும் பாண்டி நாட்டையும் கால்நடையாக இணைத்துப் பார்த்தவரே அதனைப் பாடியிருத்தல் கூடும் என்று தோன்றுகிறது.

ஆற்றுப்படை நூல்களோ வழி சொல்வதையே தொழிலாகக் கொண்டவை. மலைபடுகடாம் மலைவழி செல்லும் கூத்தர்க்குச் சொல்லும் எச்சரிக்கைகளைக் கண்டால் வியப்புண்டாகும்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், பாசி படர்ந்து வழுக்கும் இடம் எது, இரவு எவர் குடிசையில் தங்கலாம், அங்கே என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் விரித்துரைக்கிறது. மலையேறுவோனுக்குக் களைப்பைவிடக் களைப்பினால் வரும் கவனக் குறைவே பெரும்பகை என்பதை அப்புலவர் அறிந்திருந்தார்.

இனி மலைக்கே வருவோம். திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பொன்முடி. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரம். நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாற்றங்கரையை அடைந்து, அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். கல்லாறு பெயருக்கேற்பக் கல் நிறைந்த ஆறு. பொன்முடிக்குத் தெற்கே, பொதிகைத் தொடரின் முதன்மைச் சிகரங்களில் ஒன்றாகிய அகத்தியர் கூடம் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வடக்கேயிருந்து தென்திசைக்கு நடந்து வந்த முனிவர் இறுதியில் அமர்ந்த இடம் அது என்பது நம் மக்கள் நம்பிக்கை. நெடும்பயணத்தின் முடிவில் இளைப்பாற அவர் தேர்ந்த இடம் குளிர்ச்சியானதே.

நெடுமங்காட்டிலிருந்து மற்றொரு சாலை பிரிந்து, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்குச் செல்கிறது. தென்காசிப் பக்கத்து மக்களுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நெடுங்காலமாக இருந்த தொடர்பு வழி இது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் நாள்வரை திருவிதாங்கூரையும் அதன்பின் திருவிதாங்கூர்–கொச்சியையும் சேர்ந்திருந்து, அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது என்பதை அன்பர்கள் அறிவர். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தெற்குத் தாலுகாக்களும் அன்றே இணைந்தன. அதற்கு முன்பெல்லாம் நாஞ்சில் நாட்டு உழவனுக்கும் செங்கோட்டை வணிகனுக்கும் தலைநகரம் திருவனந்தபுரமே. வழக்கானாலும் வரியானாலும் வாணிபமானாலும் அங்கேதான் நடக்கவேண்டும். 'நடக்கவேண்டும்' என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்க.

இவ்வழிகளில் நடந்தவனுக்கு உதவியாய் நின்ற பொருள்களுள் மிக எளியது ஒரு கல். இரண்டு கற்றூண்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி ஆயிற்று. மலையாள நாட்டில் இதனைச் சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் கூறுவர். தலைச்சுமை தூக்குவோன் துயரத்தை அறியாதவர்க்கு இக்கல்லின் அருமை விளங்காது. தலையிலுள்ள மூட்டையைத் தனியே தரையில் இறக்கிவிடலாம். மீண்டும் தனியே தலைக்கு ஏற்றுதல் இயலாது. தூக்கிவிட இன்னொருவன் வேண்டும். ஆளில்லா வழியில் மூட்டையை இறக்கியவன் ஆள் வரும்வரை காத்துக் கிடக்கவேண்டியதே. அதற்கு அஞ்சி, கழுத்து நோக நோக இறக்காமலே நடப்பான். சுமைதாங்கியோ தலைக்குச் சற்றுத் தாழ்ந்த உயரத்தில் நிற்பது. அருகில் சென்று சிறிது குனிந்து மூட்டையை அதன்மேல் நகர்த்திவிடலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, மீண்டும் தலையைக் கொடுத்து இழுத்துக்கொள்ளலாம். எவர் உதவியும் வேண்டா. இதைவிடச் சிக்கனமான பொதுநலக் கட்டடம் உலகில் வேறு உண்டா என்பது ஐயமே.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இக்கல்லுக்குப் பின்னே ஒரு துயரமும் உண்டு. கருவுற்றிருக்கும்போதே ஒரு பெண் இறந்துவிட்டால், இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாளே என்று வருந்தி, அவள் பெயரால் சுமைதாங்கிக் கல் நாட்டுவது வழக்கமாயிருந்தது. அவள் இறக்காத பாரத்தைப் பிறர் இறக்கட்டும் என்பது அதன் உட்கருத்து. வழியருகே கேட்பாரற்று நிற்கும் இக்கற்களுள் எத்தனை ஓர் இளம்பெண்ணின் நினைவைத் தாங்கியவை என்பதை யார் கணக்கெடுத்தார்! மலையாளப் பகுதியில் காணப்படும் சில கற்களில் நிறுத்தியவர் பெயரும் கொல்லம் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். சாலையை அகலப்படுத்தியபோது பெயர்த்துத் தள்ளப்பட்டவை பல. கல் போனாலும் பெயர் போகவில்லை. கொச்சிப் பக்கத்தில் அத்தாணி என்று ஊர்ப்பெயரே உண்டு. தமிழகத்தில் சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், சுங்குவார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என ஊர்களே வழிப்போக்கனின் இளைப்பை நினைவூட்டி நிற்கின்றன.

கல்லுக்கு அடுத்தது கூரை. திருவிதாங்கூர்ச் சாலைகளில் வழியம்பலங்கள் இருந்தன: நான்கு புறமும் திறந்த மண்டபம், பக்கத்தில் ஒரு கிணறு, வெயிற்காலத்தில் நீர்மோர். தமிழகத்தில் மதுரை இராணி மங்கம்மாள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் புகழ் பெற்றவை. அவர் பெயரால் இன்றும் சாலை வழங்குகிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினர். நாட்டை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டபின், இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், இச்சத்திரங்களை மட்டும் குலைத்துவிட வேண்டா என்று வாதாடினார். வருவோர்க்கு உணவும், நோயுற்றோர்க்கு மருந்தும், வழியில் இறந்தோர்க்கு ஈமக்கடனும் அங்கே நடப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அரசை இழந்த மன்னர் ஒருவர், கோட்டைக்காகவோ படைக்காகவோ அன்றி, வழிப்போக்கன் சோற்றுக்காக வழக்காடிய அக்கடிதம் நம் வரலாற்றில் அரிய ஆவணம். ரயில் வந்தபின்னும் இவ்வறம் நின்றுவிடவில்லை. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே 1888-இல் இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் ரயிலில் வந்து இறங்குவோர்க்கென்றே எழுந்தது.

இதுகாறும் கூறியவை மனத்துக்கு இனியவை. கூறாது விட்டது ஒன்றுண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது.

திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் சோறு பெற்றோர் பெரும்பாலும் அந்தணரே. அது மட்டுமன்று, பொதுச்சாலையே எல்லார்க்கும் பொதுவாக இல்லை. தாழ்த்தப்பட்டோர் எனக் கருதப்பட்ட மக்கள், உயர்ந்தோர் எனப்பட்டவர் எதிர்ப்பட்டால் சாலையை விட்டு விலகி, வயலிலோ புதரிலோ இறங்கவேண்டும். இத்தனை அடி தூரம் என்று தீண்டாமைக்கு அளவும் வகுத்திருந்தனர். சில வழிகளில் அவர்கள் காலே வைக்கக் கூடாது. இதன் விளைவை நடைக்கணக்கில் பார்த்தால் உண்மை விளங்கும். உடலுழைப்பு மிகுந்தவர் அவர். தலையில் சுமை கொண்டவர் அவர். ஆனால் நேர்வழி அவர்க்கு இல்லை. சுற்றுவழியே அவர் வழி. எந்த முதுகில் பாரம் மிகுதியோ, அம்முதுகுக்கே தூரமும் மிகுதியாயிற்று. வழியம்பலத்தின் நிழலைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே அவர் நடந்தார்.

இந்நிலையை முதலில் உடைத்தவர் அய்யன்காளி. 1863-இல் வெங்ஙானூரில் பிறந்த இவர், 1893-இல் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, தம் மக்கள் நடக்கவும் உரிமையில்லாத பொதுவழியில் அதனை ஓட்டிச் சென்றார். அவ்வண்டியை வெறும் எதிர்ப்பின் சின்னமாக மட்டும் காண்பது போதாது என்று கருதுகிறோம். காலந்தோறும் நடந்தே தேய்ந்த ஓர் இனத்தின் மகன், இனி அமர்ந்து செல்வேன் என்று சொன்ன முதற் சொல் அது. 1912-இல், பொன்முடி வழியிலுள்ள நெடுமங்காட்டுச் சந்தையில் தம்மவர் நுழையும் உரிமைக்காக அவர் நின்றபோது அங்கே கலகம் விளைந்தது. சந்தைக்குக் காய்கறியும் கிழங்கும் விளைத்து அனுப்பிய கைகள் சந்தைக்குள் நுழையக் கூடாது என்றிருந்த காலம் அது. வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காக 1924 மார்ச்சு 30-இல் தொடங்கிய சத்தியாக்கிரகமும், அதில் ஈரோட்டிலிருந்து சென்று சிறை புகுந்த பெரியாரின் பங்கும் அன்பர்கள் நன்கறிந்தவை; விரிக்க வேண்டியதில்லை. 1936 நவம்பர் 12-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது.

பொன்முடித் தோட்டங்களின் கதையும் இக்காலத்தோடு ஒட்டியது. 1860-களில் தெற்குத் திருவிதாங்கூர் மலைகளில் ஐரோப்பியத் துரைமார் காட்டை அழித்துக் காப்பி பயிரிட்டனர். சில ஆண்டுகளிலேயே இலைநோய் வந்து காப்பியைத் தின்றது; பின்னர்த் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. துரை குதிரையிலோ மஞ்சலிலோ மலையேறினார். மஞ்சலுக்குத் தோள் கொடுத்தவனும், விதை மூட்டையையும் இரும்புச் சாமான்களையும் தூக்கியவனும் நடந்தே ஏறினர். அவ்வாறு ஏறியவருள் நாஞ்சில் நாட்டவரும் திருநெல்வேலிச் சீமையினரும் பலர். கங்காணி ஊரிலேயே முன்பணம் கொடுப்பான். குடும்பத்தோடு அழைத்து வருவான். பேரேட்டில் பெயர் பதிந்தது முதல் அம்முன்பணம் கழியும்வரை மலையைவிட்டு இறங்க வழியில்லை. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் தண்டிப்பதற்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-இலேயே சட்டம் இயற்றியிருந்தனர். இலங்கையில் காப்பித் தோட்டங்களை நோக்கி மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே விழுந்த நம் மக்களின் கதை இதனினும் கொடியது. அவ்வழியிலும் அவர்க்குச் சத்திரம் கட்டியவர் எவருமில்லை. கட்டுவதற்கு அவர்களிடம் காசு இல்லை, கட்டும் அறம் கடல் தாண்டி வரவுமில்லை.

மலையேற்றத்தில் ஒரு நுட்பமுண்டு. ஏறும்போது வாங்குவது மூச்சு. இறங்கும்போது நோவது முழங்கால். ஏறுவதே கடினம் என்று சமவெளியார் எண்ணுவர். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டியிருப்பதால், அதன் நோவு அன்று தெரியாமல் மறுநாளும் அதற்கு மறுநாளுமே வெளிப்படும் என்று உடலியலார் கூறுகின்றனர். வண்டிப்பாதை வருமுன் தோட்டத்து விளைவைக் கீழே கொண்டுவந்தவர் நாள்தோறும் ஏறி இறங்கியவர். அவர்க்கு 'மறுநாள்' என்பது இல்லை. தோட்டத் தொழிலாளர்க்குக் குடியிருப்பும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் தரவேண்டும் என்று சட்டம் வந்தது 1951-இல்தான். 

இதற்கிடையே சக்கரம் வந்தது. 1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் ஓடிற்று. கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுகளுடன் நிற்கும் பாலம் அன்றைய கொத்தர் திறனுக்குச் சான்று. நாட்கணக்கில் நடந்த வழியை நாழிகைக் கணக்கில் கடந்தபோது, ஆரியங்காவுக் கணவாயின் பொதிமாடுகள் மெல்ல மறைந்தன. அத்தடம் அகலப் பாதையாக்கப்பட்டு 2018-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசே பேருந்து விடத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்வது அதன் முதல் வழித்தடம். சீட்டு வாங்கியவனுக்கெல்லாம் இருக்கை என்பது ஊட்டுப்புரைக் காலத்தில் எண்ணிப்பார்க்க இயலாத ஏற்பாடு.

ஆனால், இம்மலையில் சக்கரம் வந்தபின்னும் நடந்துகொண்டே இருந்த மக்கள் உளர். அவர்கள் காணிக்காரர். பொன்முடி, அகத்தியர் கூடம் சார்ந்த காடுகளிலும், எல்லைக்கு இப்பால் பாபநாசம், பேச்சிப்பாறைப் பக்கங்களிலும் வாழ்பவர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சுடையவர். மூட்டுக்காணி என்பவர் ஊர்த்தலைவர். பிலாத்தி என்பவர் மந்திரமும் மருந்தும் அறிந்தவர். தேனும் மூங்கிலும் பிற மலைப்பொருளும் ஏந்தி, ஓணத்தின்போது திருவிதாங்கூர் அரச குடும்பத்தைக் காண இறங்கி வருவது இவர்கள் மரபு. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருநூலில் இவர்களைக் குறித்து விரிவாக எழுதியிருக்கிறார். ஆயினும் நெடுநடையின் களைப்பைப் போக்க இவர்கள் என்ன செய்தனர் என்பதை வெளியுலகு நெடுங்காலம் அறியவில்லை.

1987-இல் தாவர அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுப்பதற்காக அகத்தியர் மலைக்குச் சென்றது. வழிகாட்டியாகக் காணியர் சிலர் உடன் வந்தனர். ஏற்றத்தில் அறிஞர்கள் தளர்ந்து போயினர்; சுமை தூக்கிய காணியரோ தளரவில்லை. அவர்கள் அவ்வப்போது சிறு காய்களை எடுத்து வாயிலிட்டு மெல்வதைக் குழுவினர் கண்டனர். கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தனர். அது குலத்துக்குரிய மறைபொருள். தீங்கு வராது என்று உறுதி கூறிய பின்னரே கனியைக் கொடுத்தனர். தின்ற அறிஞர்களுக்குத் தளர்ச்சி நீங்கிற்று. பிறகு செடியையும் காட்டினர். நீரோடைகளின் அருகே நிழலில் தரையோடு தாழ்ந்து வளரும் சிறு செடி அது. தாவர நூலார் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. இதற்கு ஆரோக்கியப்பச்சை என்னும் பெயர் நிலைத்தது. இலங்கையிலும் மலேயாவிலும் இவ்வினம் உண்டு என்பர். அங்கெல்லாம் இதனை யாரும் களைப்புக்கு உண்டதாகத் தெரியவில்லை. சுமைதாங்கி கண்டவர் சமவெளியார்; சுமையோடு நடந்தே ஆறும் வழி கண்டவர் மலைவாணர்.

அதன்பின் நடந்தது நம் காலத்துக் கதை. சோதனைச்சாலையில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். களைப்பின்றி நெடுநேரம் இயங்கும் ஆற்றல் மிகுந்தது என்று 1988-இல் கட்டுரை வெளியிட்டனர். பாலோட்டில் 1979-இல் நிறுவப்பட்டிருந்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம், இச்செடியோடு அசுவகந்தி, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மருந்தை உருவாக்கி, 'ஜீவனி' எனப் பெயரிட்டது. தென்காசிச் சாலையில் நம் முன்னோர் மூட்டை சுமந்து நடந்த அதே பாலோடு என்பதை நினைத்துக்கொள்க. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு அதனைச் செய்யும் உரிமை ஏழாண்டுக்கு வழங்கப்பட்டது. உரிமைத்தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இவற்றுள் பாதியைக் காணியர்க்கே கொடுப்பது என்று நிலையம் முடிவு செய்தது. 1992-இல் ரியோ நகரில் கையொப்பமான உயிரினப் பன்மை உடன்படிக்கை, பழங்குடியினர் அறிவால் வரும் பயனை அவர்களோடு பகிர்க என்றது. அதனை நடைமுறையில் செய்து காட்டிய முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று என உலக அரங்குகளில் பேசப்பட்டது.

காட்டிலோ அத்தனை இணக்கம் இருக்கவில்லை. நிலையத்தோடு தொடர்பு கொண்டவர் குற்றிச்சல் பக்கத்துக் காணியர். பொன்முடியை அடுத்த விதுரை, பெரிங்ஙமலைப் பகுதிக் காணியரிடம் எவரும் முறையாகக் கேட்கவில்லை என்ற குறை எழுந்தது. 1995-இல் பிலாத்திகள் ஒன்பதின்மர், தம் குலத்து அறிவு தம்மைக் கேளாமல் விற்கப்படுகிறது என்று மாநில முதலமைச்சருக்கு எழுதினர். இதில் நியாயம் உண்டு என்றே கருதுகிறோம். வழிகாட்ட வந்த இருவர் மூவர் அறிந்தது ஒரு குலம் முழுவதன் உடைமை. அதனைக் கொடுக்கவோ மறுக்கவோ அவ்விருவர் மூவர்க்கு மட்டும் உரிமை உண்டா? அதே வேளையில், கேட்டே கொடுத்தோம், பாதியும் பகிர்ந்தோம் என்ற நிலையத்தாரின் எண்ணத்தையும் இகழ்வதற்கில்லை; பகிர்வு என்ற பேச்சே இல்லாமல் எடுத்துச் சென்றவர் எத்தனையோ பேர். போதாக்குறைக்கு, காட்டில் வளர்வது வனத்துறைக்கு உரியது என்றாயிற்று. காணியர் பயிரிட்டதையும் விற்பதற்குத் தடை வந்தது. தேவை பெருகியபோது திருட்டுத்தனமாகப் பிடுங்கிச் செல்வோரும் தோன்றினர். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 'ஜீவனி' என்னும் பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. வெளிநாட்டில் தடுப்பதற்கு நிலையத்திடம் உரிமைப் பத்திரம் இல்லை.

காணியர்க்குரிய பணத்தைப் பெறுவதற்கு ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1997-இல் கேரள காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999-இல் ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அத்தொகையைக் கொண்டு காணியர் தம் குடியிருப்புப் பக்கத்தில் ஒரு கூட்ட மண்டபம் அமைத்தனர். கருவுற்ற பெண்டிர்க்கு உதவிநிதி ஒன்றை ஏற்படுத்தினர். காட்டுக்குள்ளிருந்து சாலைக்கு நடந்தே வந்துகொண்டிருந்த தம் மக்கள் ஏறிச் செல்வதற்கென்று ஒரு மோட்டார் வண்டியும் வாங்கினர்.